உழைத்துத் தேய்ந்த பாயிண்ட், ஓய்வில் கெடும் பாயிண்ட்

1947-ஆம் ஆண்டுக் கோடையில் செவ்ரலே நிறுவனம் ‘அட்வான்ஸ் டிசைன்’ என்ற பெயரில் ஒரு லாரி வரிசையை அமெரிக்கச் சந்தையில் இறக்கியது. உருண்டு திரண்ட முகம், குறுக்கே ஐந்து பட்டைகள் ஓடும் கிரில், காலால் மிதித்து ஸ்டார்ட் செய்யும் பெடல், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். அரை டன் பிக்கப்பிலிருந்து இரண்டு டன் லாரி வரை ஏறத்தாழ அதே முகம்தான். 1955-இன் தொடக்கம் வரை தயாரான அந்த வண்டிகள் கோதுமை சுமந்தன, பால் கேன் சுமந்தன, மாடும் மரமும் ஏற்றின. மிஞ்சியிருப்பவை இன்று பெரும்பாலும் எதையும் சுமப்பதில்லை. பளபளக்கும் பெயின்ட்டோடு கொட்டகையில் நிற்கின்றன. கண்காட்சி, ஊர்வலம் என்றால் வெளியே வருகின்றன.

அன்றும் அவை வழியில் நின்றன, இன்றும் நிற்கின்றன. பேட்டரி சரி, பெட்ரோல் சரி, ஆனாலும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் மெக்கானிக்கின் கை அன்றும் இன்றும் போவது ஒரே இடத்துக்குத்தான்: டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு அடியில் இருக்கும் பாயிண்ட். நம் பட்டறைகளில் பிளாட்டினம் என்றும் சிபி பாயிண்ட் என்றும் கேட்டு வாங்கும் அதே சாமான். கட்டைவிரல் அளவுகூடத் தேறாத அந்தப் பாகம் மாறவில்லை. அது கெடுகிற விதம்தான் மாறிவிட்டது. அன்று உழைத்துத் தேய்ந்து நின்றது. இன்று சும்மா கிடந்து கெடுகிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் அன்றைய வழக்கப்படியே இன்றைய வண்டியில் பழுது தேடுகிறவருக்கு நாள் முழுக்க வேலை இருக்கும், வண்டி மட்டும் கிளம்பாது.

ஆறு வோல்ட்டிலிருந்து இருபதாயிரம்

அந்த லாரியின் பேட்டரி ஆறு வோல்ட். பிளக்கின் இடைவெளியைத் தாண்டித் தீப்பொறி பாய வேண்டுமானால் இருபதாயிரம் வோல்ட் வரைகூடத் தேவைப்படும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது இக்னிஷன் காயில். அதற்குள் தடித்த கம்பியில் ஒரு சுற்று, மிக மெல்லிய கம்பியில் இன்னொரு சுற்று. தடித்த சுற்றில் கரண்ட் ஓடும்போது காந்தப் புலம் எழுகிறது. அந்தக் கரண்டைச் சட்டென்று அறுத்தால் புலம் சரிகிறது; சரியும் வேகத்தில் மெல்லிய சுற்றில் உயர் அழுத்தம் பிறக்கிறது. ஆக, கரண்ட் ஓடும்போது பொறி இல்லை, அறும்போதுதான் பொறி. அறுக்கும் வேலை பாயிண்டினுடையது.

இரண்டு டங்ஸ்டன் பொத்தான்கள். ஒன்று அசையாமல் தட்டில் திருகப்பட்டு எர்த் ஆகியிருக்கும். மற்றது தகட்டு ஸ்பிரிங் அழுத்திப் பிடித்த ஒரு சிறு கையின் நுனியில் இருக்கும். கையின் பக்கவாட்டில் ஒரு ஃபைபர் கட்டை. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டில் உள்ள கேமுக்கு ஆறு முனைகள். ஒவ்வொரு முனையும் கட்டையைத் தள்ளும்போது பொத்தான்கள் பிரிகின்றன. காயிலில் ஓடிய கரண்ட் அறுகிறது. ரோட்டர் எந்தச் சிலிண்டரைக் காட்டுகிறதோ அந்தச் சிலிண்டரில் பொறி விழுகிறது. 1-5-3-6-2-4 என்பது இந்த எஞ்சினின் வரிசை.

ஓடும் தண்ணீர்க் குழாயைப் படக்கென்று மூடினால் குழாயே அதிரும். கரண்டும் அப்படித்தான்: அறுத்ததும் நின்றுவிடாமல், பிரிகிற பொத்தான்களுக்கு நடுவே நெருப்பு வில்லாகப் பாயப் பார்க்கும். அந்த வேகத்தை ஒரு கணம் வாங்கி வைத்துக்கொள்ளத்தான் பக்கத்திலேயே ஒரு கண்டன்சர். அது இல்லையென்றால் பொத்தான்கள் கருகும்; அறுப்பும் மந்தமாகும்; பிளக்கில் விழுவது பலவீனமான மஞ்சள் பொறி.

இந்த ஏற்பாட்டைக் கார்களுக்குக் கொண்டுவந்தவர் ஒஹாயோ மாநிலம் டேட்டனைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். எட்வர்ட் டீட்ஸோடு சேர்ந்து அவர் 1909-இல் தொடங்கிய டெல்கோ நிறுவனத்தின் இக்னிஷன் 1910-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் ஏறியது. அதற்கு முந்தைய ஃபோர்டு மாடல் டி-யில் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு காயில்கள். ஒவ்வொன்றின் தலையிலும் தானே துடித்துக்கொண்டிருக்கும் ஒரு பாயிண்ட். கெட்டரிங் முறையில் ஒரே காயில், ஒரே ஜோடிப் பாயிண்ட், பொறியைப் பங்குபோட ஒரு ரோட்டர். அதன் அடிப்படை அறுபது ஆண்டுகளுக்கு மேல் மாறவில்லை. நம் லாரியின் டிஸ்ட்ரிபியூட்டரும் அதே டெல்கோ வழி வந்த டெல்கோ-ரெமிதான்.

அன்று: தேய்மானம் சொல்லிக்கொண்டு வந்தது

சின்னக் கணக்கு ஒன்று. எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடினால் ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 6,000 பொறி, நொடிக்கு நூறு. மணிக்கு 40 மைல் வேகத்தில் பத்தாயிரம் மைல் ஓட 250 மணி நேரம் ஆகும். அதற்குள் அந்த ஒரு ஜோடிப் பொத்தான்கள் ஒன்பது கோடி முறை பிரிந்து சேர்ந்திருக்கும். கெடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதனால் பத்தாயிரம் மைலுக்கு ஒருமுறை பிளக், பாயிண்ட், கண்டன்சர் மூன்றையும் மாற்றி டைமிங் வைப்பது அமெரிக்கப் பட்டறைகளின் வழக்கமான வருமானமாகவே இருந்தது. பெட்ரோல் பங்க்குகளிலேயே அந்த வேலை நடக்கும்.

தேய்மானம் இரண்டு இடத்தில். ஒன்று, ஃபைபர் கட்டை. கேமில் உரசி உரசி அது தேயத் தேயப் பொத்தான்கள் பிரியும் இடைவெளி குறையும். புதுப் பாயிண்டுக்கு வைக்கும் இடைவெளியே அங்குலத்தின் ஆயிரத்தில் 18, 19 பங்குதான்; அரை மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அதில் சிறிது குறைந்தாலும் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். பொறியும் தாமதமாக விழும். ஏற்றத்தில் வண்டி இழுக்காது, எஞ்சின் சூடேறும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். மறுபக்கம், கைதவறி இடைவெளியை அதிகமாக வைத்துவிட்டால் பொறி முந்தும். பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் குறைவதால் காயில் முழுதாக நிரம்பாது. வேகம் பிடித்ததும் மிஸ் அடிக்கும்.

இரண்டாவது, பொத்தான்களின் முகம். ஒவ்வொரு அறுப்பிலும் துளியளவு உலோகம் ஒரு பொத்தானிலிருந்து மற்றதற்கு இடம் மாறும். நாளடைவில் ஒன்றில் பள்ளம், எதிரில் அதற்கேற்ற மேடு. லேசான பள்ளம்மேடு வயதின் அடையாளம். சீக்கிரமே ஆழமாகிவிட்டால் கண்டன்சரின் அளவு பொருந்தவில்லை என்று அனுபவசாலி படித்துக்கொள்வார். நீலம் பூத்துக் கருகியிருந்தால் வோல்டேஜ் அதிகம். கறுப்பு மை பூசினாற்போல் இருந்தால், கேமுக்கு வைத்த கிரீஸ் கூடிப்போய்த் தெறித்திருக்கிறது. பாயிண்டின் முகத்தைப் பார்த்தே பழுதின் கதையைச் சொல்லிவிடலாம்.

முக்கியமான சங்கதி, இவை எல்லாமே முன்கூட்டித் தகவல் சொல்லிவிட்டுத்தான் வந்தன. முதலில் காலை ஸ்டார்ட்டிங் தாமதமாகும். பிறகு ஏற்றத்தில் திணறும். அதன் பிறகு சைலன்ஸரில் வெடி. நடுச்சாலையில் நிற்பதற்குள் ஓட்டுநருக்குப் பல நாள் அவகாசம் கிடைக்கும். நின்றாலும் பெரிய ஆயுதம் வேண்டாம். இரண்டு கிளிப்பைத் தள்ளினால் மூடி கழன்றுவிடும். கேம் முனையில் கட்டை உட்காரும்வரை எஞ்சினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். ஃபீலர் கேஜ் கையில் இல்லாதவர்கள் அட்டைத் தீப்பெட்டியின் மூடியை இடைவெளியில் செருகி அளவு வைத்தார்கள். அந்த அட்டையின் தடிமன் ஏறக்குறைய அதே அளவு. வீடு போய்ச் சேர அது போதும்.

ஓட்டுநரின் கை எட்டிய தூரத்தில் இன்னொரு வசதியும் அந்த வண்டியில் இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் கூட்டல், கழித்தல் கோடுகள் போட்ட ஒரு சிறு அளவுகோல். ஆக்டேன் செலக்டர் என்று பெயர். ஊருக்கு ஊர் பெட்ரோலின் தரம் மாறிய காலம் அது. மட்டமான பெட்ரோல் கிடைத்தால் டைமிங்கைச் சற்றுப் பின்னுக்கு, நல்ல பெட்ரோல் என்றால் முன்னுக்கு. கியரில் முடுக்கும்போது எஞ்சினில் மெல்லிய தட்டல் கேட்டு உடனே மறைந்தால் அளவு சரி. டைமிங்கை முறைப்படி பார்ப்பதற்கு ஃபிளைவீலில் ஓர் எஃகுக் குண்டைப் பதித்து, அதைப் பார்க்க உறையில் ஒரு ஜன்னலும் வைத்திருந்தார்கள். கண்ணும் காதும் உள்ள யாரும் இந்த எஞ்சினோடு பேசலாம் என்பதே அன்றைய வடிவமைப்பின் நம்பிக்கை.

சட்டம் கழற்றிய பாயிண்ட்

பாயிண்டை ஒழித்தது மெக்கானிக்குகளின் சலிப்பு என்று நினைத்தால் தவறு. டிரான்சிஸ்டர் வைத்த இக்னிஷன் 1960களின் தொடக்கத்திலேயே கூடுதல் விலைக்குக் கிடைத்தது. அதிகம் பேர் வாங்கவில்லை. மலிவான பாயிண்ட் செட் கைவசம் இருக்க, எதற்கு வீண் செலவு என்ற எண்ணம்தான்.

திருப்பம் 1970-இல் வந்த தூய காற்றுச் சட்டத்தில் இருக்கிறது. கார் புகையில் உள்ள நச்சை 1975-ஆம் ஆண்டு மாடல்களில் பெருமளவு குறைக்க வேண்டும் என்றது அமெரிக்க அரசு. அதைவிடக் கடினமான நிபந்தனை, அந்தச் சுத்தம் ஐந்து ஆண்டுகள் அல்லது 50,000 மைல் தாங்க வேண்டும் என்பது. பாயிண்டுக்கு இங்கேதான் முடிவு எழுதப்பட்டது. தேயும் பாகம் ஒன்று டைமிங்கைத் தினமும் இம்மியளவு நகர்த்திக்கொண்டே இருந்தால் 50,000 மைல் வரை புகையின் அளவுக்கு யார் உத்தரவாதம் தருவது? போதாததற்கு, 1975-இல் பரவலான கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மிஸ் அடிக்கும் எஞ்சினைத் தாங்காது. எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால் கன்வெர்ட்டரே வெந்துபோகும்.

கிரைஸ்லர் 1973-இல் தன் அமெரிக்கக் கார்கள் அனைத்திலும் மின்னணு இக்னிஷனைக் கட்டாய அம்சமாக்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் 1975-இல் எச்இஐ என்ற முறைக்கு மாறியது. மூடி இருந்தது, ரோட்டர் இருந்தது. பாயிண்ட் இருந்த இடத்தில் ஒரு காந்தமும் சுருளும் வந்தன. எதுவும் எதையும் தொடவில்லை; எனவே தேயவும் இல்லை. சாலையோரம் மூடியைத் திறந்து அட்டையைச் செருகும் வேலை அந்த மாடல்களோடு முடிந்தது.

இன்று: பழுதுக்கு எண் வந்துவிட்டது

இன்றைய பெட்ரோல் லாரியில் மூடியும் இல்லை, ரோட்டரும் இல்லை. கிராங்க் தண்டோடு சுழலும் பல்சக்கரத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டிருக்கிறது. எப்போது பொறி வேண்டும் என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் உட்கார்ந்திருக்கிறது. சிலிண்டருக்கு ஒரு காயில் என்ற மாடல் டி காலத்து ஏற்பாடு ஒரு நூற்றாண்டைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது, துடிக்கும் பாயிண்ட் மட்டும் இல்லாமல்.

1996 மாடல் முதல் அமெரிக்கக் கார்களுக்கும் இலகு லாரிகளுக்கும் ஓபிடி-2 என்ற ஒரே மாதிரியான பழுதறி முறை கட்டாயமானது. ஒரு சிலிண்டரில் பொறி தவறினால் கிராங்க் தண்டின் சுழற்சி அந்த நொடியின் சிறு பகுதியில் லேசாகத் தளரும். கம்ப்யூட்டர் அதைக் கண்டுபிடித்துவிடும். முதல் சிலிண்டர் என்றால் பி0301, மூன்றாவது என்றால் பி0303, எதுவென்று பிடிபடாமல் அங்கங்கே தவறினால் பி0300. டேஷ்போர்டு விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால், கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ் அடிக்கிறது என்று அர்த்தம்.

எண் வந்ததால் மெக்கானிக்குக்கு வேலை இல்லாமல் போய்விடவில்லை. பி0301 என்பது முதல் சிலிண்டரில் கோளாறு என்று மட்டுமே சொல்கிறது; காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா, வால்வா என்று சொல்வதில்லை. அனுபவசாலி முதல் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி ஓட்டிப் பார்ப்பார். எண் பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாற்றி வைத்துப் பார்க்கும் இந்த யுக்தி அன்றைய பட்டறையின் சொத்து; கருவி மாறினாலும் அது அப்படியே கைமாறி வந்திருக்கிறது. மாறிப்போனது எச்சரிக்கைக் காலம். மின்னணுப் பாகம் பல ஆண்டுகள் எதுவும் கேட்காமல் உழைக்கும். ஒரு நாள் எதுவும் சொல்லாமல் நிற்கும். முகத்தைப் பார்த்துக் கதை படிக்க அதில் முகமே இல்லை.

கொட்டகையில் நிற்கும் அதே லாரி

இப்போது அந்தப் பழைய செவ்ரலேவிடம் திரும்புவோம். அன்று ஒரு மாதத்தில் ஓடிய தூரத்தை அது இன்று ஓர் ஆண்டில்கூட ஓடுவதில்லை. ஃபைபர் கட்டை தேய வாய்ப்பே இல்லை. ஆனாலும் பாயிண்ட் கெடுகிறது. எப்படி?

முதல் காரணம் ஓய்வு. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் டங்ஸ்டன் முகத்தில் கண்ணுக்கே தெரியாத ஆக்சைடு படலம் படியும். தினமும் ஓடும் வண்டியில் பொறியும் தட்டலுமே அதை உதிர்த்துவிடும். நிற்கும் வண்டியில் படலம் தடித்து, பொத்தான்கள் தொட்டும் தொடாத நிலை. பாயிண்ட் பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும், கரண்ட் போகாது. ‘இடைவெளி சரி, முகமும் பளிச்சென்று இருக்கிறது, எனவே பாயிண்ட் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று முடிவுகட்டி கார்புரேட்டரைப் பிரிக்கத் தொடங்குபவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். சுத்தமான விசிட்டிங் கார்டு ஒன்றை ஸ்பிரிட்டில் நனைத்துப் பொத்தான்களுக்கு நடுவே இழுத்தால் போதும். எமரித்தாள் மட்டும் கூடாது. அதன் துகள்கள் உலோகத்தில் பதிந்து மறுபடியும் கரண்டைத் தடுக்கும்.

இரண்டாவது காரணம் புதுப்பாகமே. துருப் பிடிக்காமலிருக்கப் புதுப் பாயிண்டின் மேல் மெல்லிய எண்ணெய் பூசியிருப்பார்கள். துடைக்காமல் மாட்டினால் முதல் நாளே மிஸ் அடிக்கும். ஃபீலர் கேஜின் தகடுகளிலும் எண்ணெய் இருக்கும். அளவு வைக்கிற கையே முகத்தை அழுக்காக்கிவிடும். அளவு வைத்த பிறகும் ஒருமுறை அட்டையால் துடைப்பது நல்லது. இவை போக, விற்பனை குறைந்துபோன சாமான் என்பதால் தரமும் ஒரே சீராக இல்லை. கட்டை சீக்கிரம் தேயும் பாயிண்டுகளும், சூடானதும் கைவிடும் கண்டன்சர்களும் பழைய வண்டிக்காரர்களின் பொதுவான புலம்பல். கண்டன்சரின் இந்தக் குணம் ஆளை ஏமாற்றும்: காலையில் அருமையாகக் கிளம்பும், அரை மணி நேரத்தில் நிற்கும், ஆறியதும் மறுபடி ஓடும். பெட்ரோல் லைனில் ஆவி அடைத்துக்கொண்டாலும் இதே அறிகுறிதான். வித்தியாசம் பார்க்க ஒரே வழி, நின்ற அந்த நிமிடத்திலேயே பிளக் ஒயரைக் கழற்றிப் பொறி பார்ப்பது. ஆறியபின் பார்த்தால் இரண்டுமே நல்ல பிள்ளையாகிவிடும்.

மூன்றாவது, இடையில் வந்த கைகள். எழுபது ஆண்டுகளில் அந்த வண்டி பலர் கைமாறியிருக்கும். ஆறு வோல்ட்டைப் பன்னிரண்டாக மாற்றியிருப்பார்கள். செவ்ரலேயே 1955-இல் பன்னிரண்டுக்கு மாறியதால் சாமான் எளிதாகக் கிடைக்கும். பேட்டரியை மாற்றியவர் காயிலை மாற்ற மறந்தால், அல்லது கரண்டைக் கட்டுப்படுத்தும் பல்லாஸ்ட் ரெஸிஸ்டரைச் சேர்க்காமல் விட்டால், பாயிண்ட் வழியே இருமடங்கு கரண்ட் ஓடும். மாட்டிய பாயிண்டெல்லாம் நீலம் பூத்து எரிந்துகொண்டே இருக்கும். பாயிண்டை மாற்றிக்கொண்டே இருப்பவர் பழுதை மாற்றவில்லை. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஒயரிங் வேலை பார்ப்பதும் இன்றைய வியாதிதான். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயிலும் பொத்தானும் சேர்ந்து வேகும்.

வயதால் வருவதும் ஒன்று உண்டு. பாயிண்டை காயிலோடு இணைக்கும் சின்னஞ்சிறு ஒயர், டிஸ்ட்ரிபியூட்டரில் வேக்கம் அட்வான்ஸ் இழுக்கும்போதெல்லாம் வளைந்து நிமிரும். பல ஆண்டுகளில் உள்ளே செம்பு இழைகள் அறுந்து மேலுறை மட்டும் முழுதாக நிற்கும். ஐடிலில் நன்றாக ஓடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பொறி அறும். வெளிப்பார்வைக்கு ஒயர் புதிது. விரலால் வளைத்து இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இத்தனை சந்தேகங்களையும் ஒரு பல்பு வரிசைப்படுத்திவிடும். டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை எர்த்திலும், மறுமுனையைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் திருகிலும் வைத்துக்கொண்டு எஞ்சினைச் சுழற்றச் சொல்ல வேண்டும். பல்பு விட்டுவிட்டு எரிந்தால் பாயிண்ட் வேலை செய்கிறது. கோளாறு அதைத் தாண்டி, காயிலின் உயர் அழுத்தப் பக்கத்திலோ மூடியிலோ ரோட்டரிலோ. எரிந்தபடியே நின்றால் பாயிண்ட் மூடவே இல்லை: ஆக்சைடு படலம், எண்ணெய், அறுந்த ஒயர், அல்லது இடைவெளி எக்கச்சக்கம். எரியவே இல்லையென்றால் முதலில் காயிலின் மறுமுனைக்கு பேட்டரி கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே வந்தும் இங்கே இல்லையென்றால், பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டன்சர் ஷார்ட், அல்லது பாயிண்ட் திருகின் இன்சுலேஷன் வாஷரை யாரோ இடம் மாற்றி மாட்டி நிரந்தரமாக எர்த் செய்துவிட்டார்கள். காயிலின் உட்சுற்றே அறுந்திருப்பதும் உண்டு. அன்று முதலில் ஃபீலர் கேஜ், பிறகு மற்றவை. இன்று முதலில் டெஸ்ட் லேம்ப், கடைசியில் ஃபீலர் கேஜ். பள்ளம்மேடு விழுந்த பழைய பாயிண்டில் ஃபீலர் கேஜ் மேட்டை மட்டும் தொட்டுப் பொய் அளவு சொல்லும் என்பதால், பாயிண்ட் எத்தனை பாகை மூடியிருக்கிறது என்று காட்டும் டுவெல் மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

நம் ஊர்ப் பக்கம்

நம் லாரிகளுக்குப் பாயிண்ட் தொல்லை சீக்கிரமே விட்டுப்போனது. காரணம் மின்னணுவியல் அல்ல, டீசல். போர் முடிந்து ராணுவம் கழித்துக்கட்டிய ஃபோர்டு, செவ்ரலே, டாட்ஜ் பெட்ரோல் லாரிகள் ஓடிய சாலைகளில், 1954-இல் ஜாம்ஷெட்பூரிலிருந்து டாடா மெர்சிடிஸ் பென்ஸ் டீசல் லாரிகள் வரத் தொடங்கின. எண்ணூரிலிருந்து லேலண்ட் வந்தது. டீசல் எஞ்சினில் பொறியே கிடையாது, அழுத்தத்தின் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். லாரி மெக்கானிக் பாயிண்டை மறந்து நாசில், பம்ப் என்று வேறு வித்தை கற்றார்.

பாயிண்ட் தங்கியது அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் பெட்ரோல் ஜீப்பிலும் திருவொற்றியூர் புல்லட்டிலும்தான். சென்னை பாடியில் உள்ள லூகாஸ்-டிவிஎஸ் தொழிற்சாலை பல தலைமுறை வண்டிகளுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் கொடுத்தது. அமெரிக்காவில் 1975-இல் வந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டர், சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 ஏப்ரலில் கட்டாயமானது. இருபது ஆண்டு இடைவெளியில் இங்கும் வாசலைத் திறந்தது புகைச் சட்டமே. பழைய புல்லட்டைப் பாசத்தோடு வைத்திருந்து, மழைக்காலம் முழுவதும் மூடிப்போட்டுவிட்டு, வெயில் வந்ததும் உதைத்துக் களைத்துப்போகிறவருக்கு மேலே சொன்ன ஆக்சைடு படலமும் அட்டை வைத்தியமும் அப்படியே பொருந்தும்.

பாயிண்டா, மாட்யூலா?

இன்று பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. அதே டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பாயிண்ட் இருந்த இடத்தில் ஒரு சிறு மின்னணு மாட்யூல். கேம் மேல் காந்தம் பதித்த வளையம். மூடியைப் போட்டுவிட்டால் வெளியிலிருந்து வித்தியாசமே தெரியாது. அடிக்கடி நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு இது நியாயமான வழி. கட்டை தேயாது, டைமிங் நகராது. தண்டின் புஷ் தேய்ந்து கேம் ஆடினாலும் பாயிண்டை அலைக்கழிக்கும் அளவுக்கு மாட்யூலை அலைக்கழிக்காது. ஆனால் ஆறு வோல்ட் வண்டிக்கும் பன்னிரண்டு வோல்ட் வண்டிக்கும் தனித்தனி மாட்யூல். பேட்டரி முனையை மாற்றி மாட்டினாலும், சாவியைத் திறந்தே விட்டாலும் சத்தமில்லாமல் செத்துவிடும். வழியில் அதைத் திறந்து பார்ப்பதில் பயனில்லை. பிசினில் புதைத்த பெட்டி.

எப்போதாவது ஓட்டுபவர் பாயிண்டிலேயே இருப்பதில் நஷ்டம் இல்லை, ஒரு நிபந்தனையோடு: வண்டியை நிறுத்தி வைக்காமல் ஓட்ட வேண்டும். கொட்டகையில் ஐந்து நிமிடம் ஐடிலில் உறுமவிட்டு அணைப்பது ஓட்டுவதாகாது. எஞ்சின் முழுச்சூடு ஏறும் வரை சாலையில் போய்வர வேண்டும். வண்டி பட்டறைக்கு வந்தால் அன்றைய மெக்கானிக் கேட்டது, கடைசியாகப் பாயிண்ட் மாற்றி எத்தனை மைல் ஆயிற்று என்று. இன்று கேட்க வேண்டியது, கடைசியாக ஓட்டி எத்தனை மாதம் ஆயிற்று, அதன் பிறகு என்ன புதிதாக மாட்டினீர்கள் என்று. இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்தால் பல சமயம் பழுதும் கிடைத்துவிடும்.

கடைசியாக, டேஷ்போர்டு பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்பதிலும் ஒரு தலைகீழ் மாற்றம். அன்று பழைய பாயிண்டையும் கண்டன்சரையும் கழற்றியதும் குப்பையில் போட்டார்கள். புதியது என்றால் நல்லது என்று நம்ப முடிந்த காலம். இன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்த கண்டன்சரைப் புதுசு வாங்கிவிட்டோம் என்பதற்காக எறியாதீர்கள். ஆயிரக்கணக்கான மைல் சூட்டில் வெந்து தன்னை நிரூபித்த பாகம் அது; பெட்டியிலிருந்து வந்த புதியது இன்னும் எதையும் நிரூபிக்கவில்லை. பழையதைத் துடைத்துத் துணியில் சுற்றி, ஒரு பாயிண்ட் செட், டெஸ்ட் லேம்ப், இரண்டு விசிட்டிங் கார்டோடு வைத்துவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு தூரம் போகலாம்.